சென்னையில் ஒரு கொலை வழக்கு: தகவல் வந்த நிமிடம் முதல் குற்றப்பத்திரிகை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலை 1 முதல் சட்டப் பிரிவு எண்கள் மாறிவிட்டன. காவல் நிலையத்தில் இன்றும் பேச்சில் கொலையை '302' என்றுதான் சொல்வார்கள். எஃப்.ஐ.ஆர். தாளில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 103(1). நடைமுறைக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதிநியம் (பி.எஸ்.ஏ.). கீழே புதிய எண்களைத் தந்திருக்கிறோம். பழைய எண் பழகிய இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

கொலை வழக்கை யார் விசாரிக்கிறார்கள்?

சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தின் சட்டம்-ஒழுங்கு இன்ஸ்பெக்டர்தான் பொதுவாக விசாரணை அதிகாரி. அமெரிக்க நகரங்களில் கொலையை மட்டுமே பார்க்கும் துப்பறிவாளர் அணி சம்பவ இடத்துக்கு வந்து வழக்கை எடுத்துக்கொள்ளும். இங்கே அதே இன்ஸ்பெக்டர் காலையில் ஊர்வலப் பாதுகாப்புக்கு நின்றிருப்பார், மாலையில் வெட்டுப்பட்ட உடலின் அருகே நிற்பார். ஆளைத் தேடிப் பிடிக்க, உதவி ஆணையர் மேற்பார்வையில் 'தனிப்படை' அமைப்பார்கள். தனிப்படை ஓடும், தேடும், பிடிக்கும். வழக்குக் கோப்பில் கையெழுத்திட்டு, நீதிமன்றக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வது விசாரணை அதிகாரி மட்டுமே. பத்திரிகையில் பெரிதாக வருவது முதல் வேலை. தீர்ப்பு நிற்பதும் விழுவதும் இரண்டாவதில்.

தகவல் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடிப்பு இருந்தால் 108 வரும்வரை காத்திராமல் கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் கடமை, தடயம் கலைந்தாலும் சரி. உயிர் இல்லையென்றால் யாரும் உடலைத் தொடக் கூடாது. ரத்தத்துளி கிடக்கும் கடைசி இடத்தையும் தாண்டிக் கயிறு கட்ட வேண்டும். உடலைச் சுற்றிப் பத்தடிக்கு மட்டும் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓடியவனின் செருப்பும் வீசிய கத்தி உறையும் அதற்கு வெளியேதான் கிடக்கும். உள்ளே போக ஒரே ஒரு வழி, உள்ளே போனவர் பெயரும் நேரமும் எழுத ஒரு காவலர். உயரதிகாரிகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகும் வழக்கம் தடயத்துக்கு நல்லதல்ல. முதலில் போட்டோ, பிறகு விரல்ரேகை, பிறகு மற்றவர்கள் என்ற வரிசை குலைந்தால் கதவுப் பிடியில் கிடைப்பது காவலரின் ரேகையாக இருக்கும்.

எஃப்.ஐ.ஆர். பதிவான நேரத்தை ஏன் இவ்வளவு குடைகிறார்கள்?

புகார் கொடுக்கத் தாமதமானால் அந்த இடைவெளியில் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழும். தமிழ்நாட்டிலிருந்து போன துலியா காளி வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இருபது மணி நேரத்துக்கும் மேல் தாமதமான புகாரை நம்பித் தண்டனை கொடுக்க முடியாது என்று விடுவித்தது. அதனால்தான் கொலை வழக்கில் 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்ற வழக்கம். பதிவு செய்ததும் ஒரு காவலர் அதை நேரே மாஜிஸ்திரேட்டிடம், நள்ளிரவானாலும் வீட்டுக்கே, கொண்டுபோவார். மாஜிஸ்திரேட் அதில் கைப்பட நேரம் குறிப்பார். நிலையத்தில் இரவு 10 மணி, மாஜிஸ்திரேட் கையில் மறுநாள் மதியம் 2 மணி என்றிருந்து, நடுவிலுள்ள 16 மணி நேரத்துக்குக் காவலரிடம் விளக்கம் இல்லையென்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

இன்னொரு தாளும் உண்டு. காயம்பட்டவரை முதலில் பார்த்த டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு, 'ஏ.ஆர். காப்பி'. "அடையாளம் தெரியாத 3 பேர் வெட்டியதாகச் சொல்கிறார்" என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் பெயரோடு 6 பேர் வந்தால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். உடன் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை டாக்டர் எழுதியிருக்கலாம். அப்படியானால் சொன்னவர் யார் என்பதை அன்றைக்கே கண்டுபிடித்து விசாரித்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் சொன்னால் எடுபடாது.

சம்பவ இடத்தில் எதையெல்லாம் எடுக்கிறார்கள்?

முதலில் பார்வை மகஜரும் (இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) மாதிரி வரைபடமும். வரைபடத்தில் வடக்கு எது, உடல் எங்கே, தெருவிளக்குக் கம்பம் எத்தனை அடியில், பார்த்ததாகச் சொல்லும் சாட்சி நின்ற இடம் எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். தெருவிளக்கை விட்டுவிட்டு, "இரவு 9 மணிக்குக் கண்ணால் பார்த்தேன்" என்ற சாட்சியைக் கூண்டில் ஏற்றி இழந்த வழக்குகள் பல.

பிறகு ரத்தக்கறை படிந்த மண், அதே இடத்தில் கறை படாத மாதிரி மண். சிமெண்ட் தரையானால் கறையுள்ள பெயர்ப்பு ஒன்று, கறையில்லாத பெயர்ப்பு ஒன்று. மாதிரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வகத்தில் கிடைத்த முடிவு ரத்தத்தால் வந்ததா, மண்ணிலேயே இருந்த வேறெதனாலோ வந்ததா என்று பிரித்துக் காட்ட அது வேண்டும்.

ஈரமான ரத்தத் துணியை நிழலில், காற்றில் உலர்த்தித் தாள் உறையில் போட வேண்டும். பாலித்தீன் பையில் போட்டு முடிந்தால் சென்னைப் புழுக்கத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஒரு பொருளுக்கு ஓர் உறை. இறந்தவர் சட்டையையும் சந்தேக நபர் சட்டையையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் வீண். உறைமேல் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), தேதி, நேரம், எடுத்த இடம், மகஜர் சாட்சிகள் இருவர் கையெழுத்து, அரக்கு முத்திரை. பொருள்கள் படிவம் 95-இல் நீதிமன்றம் போய், அங்கிருந்து மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். வாரக்கணக்கில் நிலைய அலமாரியில் கிடந்துவிட்டுப் போனால், நடுவில் யார் தொட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி சோதனையும் கைப்பற்றலும் வீடியோவில் பதிவாக வேண்டும், செல்போன் போதும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176(3). இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

மோப்ப நாய் காட்டினால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தமா?

இல்லை. எந்தப் பக்கம் தேடலாம் என்று காட்டும், அவ்வளவே. நாயை நம்பி மட்டும் தண்டனை தர முடியாது.

பிரேத விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் ஒன்றா?

வேறு வேறு. பிரேத விசாரணை (பி.என்.எஸ்.எஸ். 194, பழைய 174) போலீஸ் செய்வது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள், அதாவது பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலில் வெளியே தெரியும் காயங்களைக் குறித்து, சாவு எதனால் என்று தோன்றுகிறது என எழுதுவது. 24 மணி நேரத்துக்குள் அந்த அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும்.

பிரேதப் பரிசோதனை டாக்டர் செய்வது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை ஆகியவற்றின் பிணவறைகளுக்கு உடல்கள் போகும். மாலைக்குப் பிறகும் பரிசோதனை செய்யலாம் என 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேகச் சாவு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம்-ஒழுங்கு நெருக்கடி இருந்தால் மட்டும் விலக்கு. எனவே மாலையில் நடந்த கொலையில் உடல் மறுநாள்தான் கிடைக்கும். யாரோ இழுத்தடிக்கிறார்கள் என்று குடும்பம் எண்ண வேண்டியதில்லை.

உடலோடு போகும் காவலர், பரிசோதனை முடிந்ததும் இறந்தவரின் உடைகளையும் அரைஞாண் கயிற்றையும் வாங்கி வந்து ஒப்படைக்க வேண்டும். உறவினர்கள் கேட்கிறார்கள் என்று உடைகளை அவர்களிடம் கொடுத்துவிடுவது சரிசெய்ய முடியாத பிழை. கத்தி நுழைந்த துளை சட்டையில் எங்கே, உடலில் எங்கே என்று பொருத்திப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

இறந்த நேரத்தை டாக்டரால் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

மணி சொல்ல முடியாது, இடைவெளி சொல்லலாம். நம் தட்பவெப்பத்தில் உடல் விறைப்பு ஓரிரு மணி நேரத்தில் முகத்தில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணியில் உடல் முழுதும் பரவி, இன்னொரு 12 மணி நின்று, பிறகு தளரும். கோடையில் எல்லாமே விரைவு. கீழ்ப்பக்கம் ரத்தம் தங்கி ஏற்படும் கருஞ்சிவப்பு நிறம் 6 முதல் 8 மணியில் மாறாமல் படியும். மல்லாந்து கிடக்கும் உடலில் அது மார்புப் பக்கம் படிந்திருந்தால் யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

குளிர்நாடுகளில் பயன்படும் உடல் வெப்பக் கணக்கு சென்னையில் அவ்வளவாக உதவாது. உயிருள்ள உடல் 37 டிகிரி, மே மாதத்து அறை 35 டிகிரி. குறைய இரண்டு டிகிரிதான் இருக்கிறது. அதைவிட இரைப்பையில் உள்ள சோறு, கடைசியாக வாங்கிய டீயின் யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப்பில் நீல நிறமான கடைசி டிக் ஆகியவை நேரத்தை இன்னும் இறுக்கிக் காட்டும்.

தற்கொலை என்றோ தீ விபத்து என்றோ ஜோடித்திருந்தால்?

தூக்கில் தொங்கியவர் கழுத்தில் தடம் பெரும்பாலும் சாய்வாக, தொண்டைக்கு மேல்பகுதியில், முடிச்சுப் பக்கம் விட்டுப்போய் இருக்கும். கழுத்தை நெரித்தால் தடம் கிடையாக, கீழே, முழுச் சுற்றாக இருக்கும். எரிந்த உடலில் மூச்சுக்குழாயைத் திறந்து பார்ப்பார்கள்: உள்ளே புகைக்கரி இருந்தால் தீப்பிடித்தபோது மூச்சு இருந்தது, சுத்தமாக இருந்தால் முதலில் கொன்று பிறகு எரித்தார்களா என்ற கேள்வி வலுவாக எழும். நஞ்சு என்று சந்தேகித்தால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைச் செறிவான உப்பு நீரில் அனுப்புவார்கள். சாராய நஞ்சு என்ற சந்தேகத்தில் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பினால் சோதனையே கெட்டுவிடும்.

அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால்?

கொன்றவனைத் தேடுவதற்கு முன் இறந்தவரைத் தேட வேண்டும். காணாமல் போனோர் புகார்கள், பச்சை குத்தல், தையற்கடைச் சீட்டு, பல், கைரேகை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். சென்னை இதை 1952-லேயே கற்றது. ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் பிடிபட்டது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரண்டையும் பொருத்திப் பார்த்து ஒருவருடையதே என்று நிறுவினார்கள்.

இறப்பதற்கு முன் அவர் பேசியிருந்தால்?

அது மரண வாக்குமூலம் (பி.எஸ்.ஏ. 26, பழைய 32). நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றை வைத்தே தண்டிக்கலாம். மாஜிஸ்திரேட் வந்து, சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் முன்னும் பின்னும் சான்று கொடுக்க, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவது சிறந்த முறை. "என் மாமியா ஊத்துனா" என்றால் அப்படியே எழுத வேண்டும். எழுதும்போது உறவினர் யாரும் கட்டிலருகே இருக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவில் ஒரே நோயாளி டாக்டரிடம் ஒன்றும் மாஜிஸ்திரேட்டிடம் வேறொன்றும் சொல்வதுண்டு. கணவன் பக்கத்தில் நின்றபோது "ஸ்டவ் வெடித்தது", அவன் வெளியே போனபின் உண்மை. இரண்டையும் மறைக்காமல் கோப்பில் வைத்து, ஏன் மாறியது என்று விளக்குவதுதான் நேர்மையான விசாரணை. அதுதான் நீதிமன்றத்தில் நிற்பதும்.

சிசிடிவியும் செல்போனும் இருந்தால் எல்லாம் எளிதுதானே?

ஆளைக் கண்டுபிடிப்பது எளிதாகியிருக்கிறது. நிரூபிப்பது அவ்வளவாக ஆகவில்லை.

கடை, வீடுகளின் பதிவுக் கருவிகள் 15 முதல் 30 நாளில் பழையதை அழித்து மேலெழுதும். எனவே முதல் நாளே தெருத் தெருவாகக் கேமராப் பட்டியல் எடுக்க வேண்டும். கருவியின் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, "7 நிமிடம் முந்துகிறது" என்று மகஜரில் எழுத வேண்டும். இதை விட்டால், கொலை நடந்த நேரத்தில் குற்றவாளி வேறு தெருவில் இருந்ததாக உங்கள் வீடியோவே சாட்சி சொல்லும். திரையில் ஓடுவதைச் செல்போனில் படம்பிடித்து எடுத்து வருவது சாட்சியமாகாது. மூலக் கருவியையே கைப்பற்ற வேண்டும். அல்லது நகல் எடுத்து, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பைக் குறித்து, பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழை (பழைய 65பி) கருவியின் பொறுப்பாளரிடமும் நிபுணரிடமும் வாங்க வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

செல்போனில் மூன்று விஷயங்கள்: சி.டி.ஆர். என்ற அழைப்பு விவரம், குறிப்பிட்ட நேரத்தில் ஒரு கோபுரத்தின் கீழிருந்த எல்லா எண்களையும் தரும் டவர் டம்ப், சிம்மை மாற்றினாலும் மாறாத ஐ.எம்.இ.ஐ. எண். அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 முதல் நிறுவனங்களுக்கு விதி. டவர் காட்டுவது போன் இருந்த பகுதியை மட்டுமே. போன் யார் கையில் இருந்தது என்பதைக் காட்டாது. திட்டமிட்ட கொலையில் போனை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். ஆனால் எப்போதும் ராத்திரி பன்னிரண்டு வரை பேசும் எண் அன்றைக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஊமையாக இருந்தால், அதுவும் ஒரு தடயம்.

கோர்ட்டில் சரணடைந்துவிட்டார்களே, வழக்கு முடிந்ததா?

பழிக்குப் பழி வாங்கும் ரவுடிக் கொலைகளில் வெளியூர் நீதிமன்றத்தில் நாலைந்து பேர் வரிசையாகச் சரணடைவது வழக்கம். அவர்களில் வெட்டியவன் எத்தனை பேர், பெயர் கொடுக்க வந்தவன் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. போலீஸ் காவலில் எடுத்ததும் உள்ளங்கையையும் விரல் மடிப்பையும் பார்க்க வேண்டும். எலும்பில் பட்டுக் கத்தி வழுக்கும்போது குத்தியவன் கையும் கிழிபடும். அந்தக் காயத்தை டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சிசிடிவியில் தெரியும் நடை, உயரம், இடதுகைப் பழக்கம் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ஆள் மாறியிருந்தால் இங்கே தெரியும்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று பத்திரிகையில் வருகிறது. பிறகும் ஏன் விசாரணை?

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. இதற்கு ஒரே விலக்கு பி.எஸ்.ஏ. 23-இல் (பழைய 27) உண்டு: அவர் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். "அவனைக் குத்திய கத்தியைக் கூவம் ஓரத்துப் புதரில் போட்டிருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்" என்றால், "கத்தியைப் புதரில் போட்டிருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்" என்பது செல்லும். "அவனைக் குத்திய" செல்லாது. 1946-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் வகுத்த கோடு இது.

கெடுவது எங்கே? எல்லா வழக்கிலும் ஒரே இரண்டு பேர் கண்டெடுப்புச் சாட்சியாக வருவது. எல்லோரும் பார்க்கும் திறந்த இடத்தில் கத்தி 'கிடைப்பது'. கத்தியில் ரத்தம் இருக்கிறது என்று மட்டும் அறிக்கை வந்து, யாருடையது என்று வராமல் போவது. அடித்து வாங்கிய வாக்குமூலம் இவை எதையும் சரிசெய்யாது. தவறான ஆளை உள்ளே தள்ளி, சரியான ஆளை வெளியே விட்டுவிடும். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது அரசியலமைப்பிலேயே உள்ள விதி. கைது மெமோவும், உறவினருக்குத் தகவலும் உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே.பாசு தீர்ப்பிலிருந்து கண்டிப்பானவை.

மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனை செய்துவிடலாமே?

சம்மதமில்லாமல் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பானது. சம்மதித்தாலும் சொன்னது நேரடிச் சாட்சியமல்ல.

கைதானவர் முகத்தை ஏன் துணியால் மூடுகிறார்கள்?

அடையாள அணிவகுப்புக்காக. சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆள் என்றால், சிறையில் மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஒத்த வயதும் தோற்றமும் கொண்ட பலர் நடுவே நிறுத்திக் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே படம் டிவியில் வந்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை.

என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

போலீஸ் எழுதும் விசாரணை வாக்குமூலத்தில் (பி.என்.எஸ்.எஸ். 180, பழைய 161) நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை; கேட்டாலும் மறுக்கலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60-ஐத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே அதிகாரி வர வேண்டும். மிரட்டல் இருந்தால் 2018-இன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுக்கலாம். முக்கியமான கண்சாட்சியை முன்கூட்டியே மாஜிஸ்திரேட் முன் பேசவைப்பது (183, பழைய 164) பிறகு மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாவதைக் கொஞ்சம் தடுக்கும்.

90 நாள் என்கிறார்களே, அது என்ன?

கொலை வழக்கில் கைதானவர் ரிமாண்டு ஆன 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். ஆய்வக அறிக்கை வராததைக் காரணம் காட்டி நீட்ட முடியாது. அது இல்லாமலே தாக்கல் செய்து பிறகு சேர்க்க வேண்டும். இதே 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 193(3)-இல் வந்த புதிய கடமை. கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் புகார்தாரருக்கு இலவசம்.

வெட்டிக் கொன்றது எப்படி 'கொலையல்லாத மரணம்' ஆகிறது?

திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லை, கையில் கிடைத்த பொருளால் ஒரே அடி என்றால் பி.என்.எஸ். 103-இலிருந்து 105-க்கு (பழைய 304) இறங்கலாம். காயங்களின் எண்ணிக்கை, இடம், ஆயுதத்தை வீட்டிலிருந்து எடுத்து வந்தாரா என்பவைதான் தீர்மானிக்கும். கடையில் முந்தின நாள் அரிவாள் வாங்கிய ரசீது ஒன்று இந்த வாதத்தையே முடித்துவிடும்.

யாரும் பிடிபடவில்லை. வழக்கை மூடிவிடுவார்களா?

கண்டுபிடிக்க முடியவில்லை என்று இறுதி அறிக்கை போடலாம். அதற்குமுன் புகார்தாரருக்கு நோட்டீஸ் வர வேண்டும். ஏற்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். கொலைக்குக் காலவரம்பு கிடையாது. புதிய தடயம் கிடைத்தால் மேல் விசாரணை செய்யலாம். சம்பவ இடத்தில் எடுத்து யாரோடும் பொருந்தாமல் போன விரல்ரேகையை, 2022-இல் தொடங்கிய நாஃபிஸ் என்னும் தேசிய விரல்ரேகைத் தொகுப்பில் மீண்டும் தேடக் கேட்கலாம். பத்து வருடம் கழித்து வேறு மாநிலத்தில் திருட்டில் பிடிபட்டவன் ரேகையோடு அது பொருந்தலாம். இதற்குக் குடும்பத்தின் கையில் காவல் நிலையப் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால்தான் புதிதாக வந்தவர் கோப்பை எடுப்பார்.